பெல் யார் கையில்? டோக்கியோவில் தொடங்கி லாஸ் ஏஞ்சலிஸ் வரை

முதல் நாள், ஷின்ஜுகு

இரவு ஒன்பதே முக்கால். பெட்டிகளை ஓட்டலில் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தோம். மூன்று பேர்: நான், ஒன்பது வயதுப் பையன், அப்பா. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா தஞ்சாவூர் – கும்பகோணம் தடத்தில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக அமெரிக்காவில், நாஷ்வில்லில் எங்களோடு இருக்கிறார். ஊர் திரும்புவதற்குள் ஜப்பானைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஏன் ஜப்பான் என்று கேட்டால், "நேரத்துக்கு வண்டி எடுக்குறவங்க" என்றார்.

மாடியில் காஸ்டோவின் சிவப்புப் பலகை தெரிந்தது. இங்கே இந்த வகைக் கடைகளுக்கு 'ஃபமிரெசு' என்று பெயர். ஃபேமிலி ரெஸ்டாரன்ட் என்பதை ஜப்பானிய வாயில் போட்டு மென்று சுருக்கிய சொல். உள்ளே போனதும் ஒரு பெண், எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினாள். அத்தோடு சரி. தன் பெயரைச் சொல்லவில்லை, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது, பத்து ஆனது, யாரும் வரவில்லை.

"ஏன் பாப்பா, நம்மள மறந்துட்டாங்களா?"

"இதுல பாத்து நாமளே சொல்லணும்ப்பா" என்று மேஜையில் இருந்த டேப்லெட்டைக் காட்டினேன். பக்கத்தில் ஒரு சின்ன பட்டன் இருந்தது. அது எதற்கென்று நான் விளக்குவதற்குள் அப்பா அழுத்திவிட்டார். 'டிங் டாங்' என்று கடை முழுக்கக் கேட்டது. சுவரில் எங்கள் மேஜை எண் ஒளிர்ந்தது. அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றாள். அப்பாவுக்கு வெட்கம். சும்மா அழுத்திப் பார்த்தோம் என்று எந்த மொழியில் சொல்வது? சமாளிக்கக் கேட்ட கேள்வி நல்ல கேள்வியாகிவிட்டது: எதிலெல்லாம் மாட்டிறைச்சி இருக்கிறது?

அவள் அலர்ஜி அட்டவணையை எடுத்துத் தந்தாள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நேரே கட்டம் கட்டமாக முட்டை, பால், கோதுமை, சோபா என்கிற பக்வீட் மாவு, இறால் என்று போகிறது. மாடு, பன்றி, கோழிக்கும் தனித்தனிக் கட்டம். ஒவ்வாமைக்காரர்களுக்காகப் போட்டது, எங்களைப் போல மாடும் பன்றியும் சாப்பிடாத வீட்டாருக்கு வரப்பிரசாதம். குழம்பில் என்ன சாறு சேர்த்தார்கள் என்று சர்வரிடம் கெஞ்சிக் கேட்கும் வேலையே இல்லை. எங்கள் பக்கத்து அமெரிக்கக் கடைகளில் இதையே கேட்டால், "உள்ளே விசாரிக்கிறேன்" என்று போகிறவர் நிச்சயமில்லாத முகத்தோடுதான் திரும்புவார்.

சாப்பாட்டைக் கொண்டுவந்தது பூனை முகம் போட்ட ரோபோ. 2022 முடிவதற்குள் இந்த நிறுவனம் தன் கடைகளில் சுமார் 3,000 பூனைகளை இறக்கிவிட்டது. தட்டுகளை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பையன் அதன் காதைத் தடவித் தடவி அனுப்ப மறுத்துவிட்டான்.

நான் கவனித்தது வேறு. எதிர் வரிசையில் கோட்டு போட்ட ஒருவர் லேப்டாப்பைத் திறந்து வைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு காலி கிளாஸ், அவ்வளவுதான். மூலையில் இரண்டு மாணவிகள் நோட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். தட்டுகள் போய் எவ்வளவு நேரமோ. யாரும் அவர்களைக் கிளப்பவில்லை. பெயர்தான் குடும்ப உணவகம். அந்த நேரத்தில் அங்கே குடும்பமாக இருந்தது நாங்கள் மட்டும்தான்.

இரண்டாம் நாள், மழை

அசகுசா போவதாக இருந்தோம். மழை கொட்டியது. மதியம் சைசெரியாவில் ஒதுங்கினோம். இத்தாலியச் சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளும் கடை.

இதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தொடங்கியவர் யசுஹிகோ ஷோகாகி, இயற்பியல் படித்தவர். சிபா மாகாணத்தின் இச்சிகாவாவில் 1960களின் கடைசியில் ஒரு சின்னக் கடையை எடுத்து நடத்தினார். அது தீப்பிடித்தது. மறுபடி திறந்து இத்தாலியச் சாப்பாடு போட்டால் ஆள் வரவில்லை. விலையை இறக்கினார், அப்போதும் வரவில்லை. எழுபது சதவீதம் இறக்கியபோது தெருவில் வரிசை நின்றது. அந்த விலையைக் கட்டுப்படியாக்க என்ன செய்வது என்றுதான் பிறகு ஆயுசு முழுக்க யோசித்தார். வெட்டுவதும் அரைப்பதும் தொழிற்சாலையில் முடிந்துவிடுகிறது. வெள்ளை சாஸ் ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்த ஆலையிலிருந்து வருகிறது. கடைச் சமையலறையில் கத்திக்கு வேலையே இல்லை. மிலான் பாணி டோரியா என்ற சோற்றுப் பதார்த்தம் 300 யென், ஒரு கிளாஸ் வைன் 100 யென். மிலானில் இருப்பவர்களுக்கு இந்த டோரியா யார் என்றே தெரியாது. அதை யோகோஹாமாவில் சொல்கிறேன்.

சிறுவர் மெனுவில் 'வித்தியாசம் கண்டுபிடி' படம் இருக்கிறது. பத்து வித்தியாசம். சிறுவர்களுக்கானது என்று நம்பி ஏமாறாதீர்கள். ஜப்பானில் பெரியவர்களே தலையைப் பிய்த்துக்கொள்ளும் சமாச்சாரம் அது. பையன் ஆறு கண்டுபிடித்தான், நான் ஒன்று. அப்பா கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி, கடைசியில் ஒரு கோட்டின் வளைவில் எட்டாவதைப் பிடித்தார். மீதி இரண்டு கிடைக்கவே இல்லை. இதற்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. கோழி இறக்கைகளும் ரொட்டியும் எப்போதோ தீர்ந்துவிட்டன.

எங்கள் டென்னசியில் பிறந்த க்ராக்கர் பேரல் கடைகளின் மேஜையிலும் ஒரு விளையாட்டு இருக்கும். முக்கோண மரப்பலகை, பதினைந்து துளை, பதினான்கு குச்சி. ஒன்றைத் தாண்டி ஒன்றை எடுத்துக்கொண்டே போக வேண்டும். நாலோ அதற்கு மேலோ குச்சி மிச்சம் வைத்தால் நீ மடையன் என்று பலகையிலேயே எழுதியிருக்கும். அது சாப்பாடு வரும்வரை பொழுதைப் போக்க. சைசெரியாவின் படமோ சாப்பிட்டு முடித்த பிறகும் விடாது.

டிரிங்க் பார் பற்றிச் சொல்லாமல் விட்டால் பையன் கோபித்துக்கொள்வான். ஒரு தடவை பணம் கட்டினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் நாமே போய்ப் பிடித்துக்கொள்ளலாம். மெலன் சோடா (அந்தப் பச்சை நிறம் எந்தப் பழத்திலும் கிடையாது), கல்பிஸ், ஊலாங் தேநீர், காபி. பையன் மூன்றைக் கலந்து ஒரு சேற்று நிறத்தை உண்டாக்கி, குடிக்க முடியாமல் தாத்தாவிடம் தள்ளிவிட்டான். தாத்தா குடித்தார். "காசு குடுத்தாச்சு இல்ல?"

மூன்றாம் நாள், மேற்கு டோக்கியோ

பார்க்க ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்க்கப் போனோம். தப்பு என்னுடையது.

மேற்கு டோக்கியோவில் கோஷு கைடோ என்றொரு பழைய நெடுஞ்சாலை. அதன் ஓரத்தில், 1970 ஜூலையில் ஸ்கைலார்க்கின் முதல் கடை திறந்தது. ஜப்பானின் ஃபமிரெசு வம்சத்துக்கு மூத்த பிள்ளை என்று இதைத்தான் சொல்கிறார்கள். கடையின் பெயர் குனிதாச்சி கிளை, இடமோ ஃபுச்சூ நகர எல்லையில். நடத்தியவர்கள் யோகோகாவா சகோதரர்கள் நாலு பேர். அதற்கு முன்னால் ஹிபாரிகாவோகா என்ற இடத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். ஹிபாரி என்றால் வானம்பாடி, அதை ஆங்கிலத்தில் சொன்னால் ஸ்கைலார்க். பேட்டைப் பெயரை மொழிபெயர்த்துக் கடைக்கு வைத்துவிட்டார்கள்.

பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் வந்து மளிகையை நெருக்கின. சகோதரர்கள் அமெரிக்கா போய், சாலையோரத்தில் கார் நிறுத்த இடம் விட்டு, கண்ணாடி வைத்துக் கட்டிய கடைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜப்பானில் நடுத்தரக் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கிய காலம். உணவுத் தொழிலில் அந்நிய முதலீட்டுக்கு 1969இல்தான் கதவு திறந்திருந்தது. அடுத்த வருஷம் ஒசாகா உலகக் கண்காட்சியில் கென்டகி சிக்கன் கடை போட்டது, அதற்கடுத்த வருஷம் கின்சாவில் மெக்டொனால்ட்ஸ். வெளியில் சாப்பிடும் பழக்கத்தின் முதல் வருஷம் என்று ஜப்பானியர்கள் 1970ஐச் சொல்வதற்கு இதெல்லாம் காரணம்.

ஸ்கைலார்க் என்ற பெயர்ப் பலகை கொண்ட கடைசிக் கடை 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 1992இல் அதே நிறுவனம் மலிவு விலையில் தொடங்கிய காஸ்டோ, தாய்க் கடையையே விழுங்கிவிட்டது. முதல் கடை இருந்த இடத்திலும் இப்போது காஸ்டோதான். லாரிகள் போகிற சாலை, கார் நிறுத்த இடம், சாதாரணக் கட்டடம். "இதப் பாக்கவா ரெண்டு ரயில் மாறி வந்தோம்?" என்றான் பையன். பதில் சொல்லாமல் உள்ளே கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். "அமெரிக்காவப் பாத்துத்தான் கட்டுனாங்கன்னு சொல்ற. அப்புறம் ஏன் அங்க மாதிரி இல்ல?"

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடையில் நடந்ததை அவர் மறக்கவில்லை. பாதி சாப்பிட்டுவிட்டு ஃபோர்க்கைக் கீழே வைத்து என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சர்வர் பெண் சிரித்த முகமாக வந்து, முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே தட்டைத் தூக்கிவிட்டாள். அடுத்த நிமிஷம் பில் வந்தது, "அவசரமே இல்லை, மெதுவாகப் பாருங்கள்" என்ற வார்த்தையோடு. அந்த வார்த்தைக்கு எழுந்திருங்கள் என்று அர்த்தம் என்பதை அப்பாவுக்கு நான்தான் சொல்லிப் புரியவைத்தேன்.

சம்பளக் கணக்கைச் சொன்னேன். டிப்ஸ் வாங்கும் வேலைக்காரர்களுக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க மத்தியச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991லிருந்து அதே தொகைதான். டென்னசியிலும் அதுதான் நடைமுறை. மீதியெல்லாம் மேஜையில் நாம் வைக்கும் காசு. பில்லில் பதினெட்டு, இருபது சதவீதம் வைப்பது வழக்கம். ஒரே மேஜையில் நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு டிப்ஸ். அதே நேரத்தில் மூன்று குடும்பம் வந்து போனால் மூன்று.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கலெக்‌ஷன் பேட்டா" என்றார்.

வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கிடைக்கும் படி அது. "அந்தப் பொண்ணு ட்ரிப் அடிக்குது பாப்பா. நாங்க அடிக்கலையா? ஸ்டாண்டுல வண்டி நின்னா பேட்டா நிக்கும். ஏறு ஏறு, உள்ள போ உள்ள போன்னு விரட்டுனது எதுக்கு?" பிறகு சுற்றிலும் பார்த்தார். "இங்க பெல்லு நம்ம கையில. அங்க பெல்லு அவங்க கையில."

முப்பத்தோரு வருஷம் விசில் ஊதியவர் சொன்னால் நான் என்ன மறுப்பது?

நான்காம் நாள், காமகுரா

பெரிய புத்தர். கூட்டம். மூன்று வேளையும் கன்வீனியன்ஸ் ஸ்டோர் சோற்று உருண்டை. எழுத ஒன்றுமில்லை. கால் வலி.

ஐந்தாம் நாள், யோகோஹாமா

டோரியா கதைக்கு வருகிறேன். யமாஷிதா பூங்காவுக்கு எதிரில் 1927இல் திறந்த ஹோட்டல் நியூ க்ராண்ட் இருக்கிறது. 1945இல் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் வந்து தங்கியது இங்கேதான். அதன் முதல் தலைமைச் சமையல்காரர் சாலி வைல், சுவிட்சர்லாந்துக்காரர். 1930 வாக்கில், உடம்பு சரியில்லாத விருந்தாளிக்குத் தொண்டையில் இறங்குகிறமாதிரி ஏதாவது வேண்டும் என்று கேட்டதற்கு, சோற்றின் மேல் இறாலும் வெள்ளை சாஸும் ஊற்றி ஓவனில் வைத்துக் கொடுத்தாராம். அதுதான் டோரியா. ஐரோப்பியர் ஒருவர் ஜப்பானில் உண்டாக்கி, ஐரோப்பாவுக்குத் தெரியாமலே ஜப்பானியச் சாப்பாடாகிவிட்டது. ஹோட்டலை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டோம். உள்ளே போக என் பர்ஸ் சம்மதிக்கவில்லை.

மதியம் டென்னீஸ். வேண்டுமென்றே தேடிப் போனது. இதே யோகோஹாமாவில்தான், காமிஓகா பகுதியில், 1974இல் ஜப்பானின் முதல் டென்னீஸ் வந்தது. இட்டோ யோகாடோ நிறுவனம் அமெரிக்கக் கம்பெனியிடம் உரிமம் வாங்கிக் கொண்டுவந்தது. பத்து வருஷத்தில் பெயரையும் விலைக்கு வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டது. அதே மஞ்சள் பலகை, அதே எழுத்து. நாஷ்வில் பக்கத்து நெடுஞ்சாலையில் பார்த்துப் பழகிய பலகை. பையன் துள்ளிக் குதித்தான்: "பான்கேக்! பேக்கன்! க்ராண்ட் ஸ்லாம்!"

அமெரிக்க டென்னீஸின் காலைச் சாப்பாடான க்ராண்ட் ஸ்லாம் எங்களுக்குத் தந்த மெனுவில் இல்லை. ஹம்பாகு இருந்தது, அதாவது பன் இல்லாமல், கத்தி முள்கரண்டியோடு சாப்பிடும் ஹாம்பர்கர். டோரியா இருந்தது. பழம் அடுக்கிய உயரமான கிளாஸ் பர்ஃபே இருந்தது. ரொட்டியா சோறா என்று கேட்டார்கள். சோறு என்றோம். கிண்ணத்தில் இல்லை, தட்டையான வெள்ளைத் தட்டில் மெல்லப் பரப்பி வந்தது. மேல்நாட்டுச் சாப்பாட்டோடு வரும் சோற்றுக்குத் தட்டுதானாம், கிண்ணம் கிடையாதாம். அப்பா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கைப்பிடிதான் இருக்கும் போல."

அளவைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லும் கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும். அமெரிக்காவில் ஒருவர் தட்டை ஒரே வேளையில் காலி செய்துவிடுவார் என்று சமையலறையே எதிர்பார்ப்பதில்லை. மிச்சத்துக்குப் பெட்டி தருவதும் அந்தச் சாப்பாட்டில் சேர்த்திதான். அது மறுநாள் மதியத்துக்கு ஆகும். ஜப்பானில் அன்றைக்கு உள்ளதை அன்றைக்கே முடித்துவிட வேண்டும். மிச்சத்தைக் கட்டிக் கொடுத்து அது கெட்டுப்போய் யாருக்காவது வயிறு கலங்கினால் பழி கடைக்கு என்று ரொம்ப காலம் மறுத்தே வந்தார்கள். இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. 'மொத்தேகோ' என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு பெயர் வைத்து ஊக்குவிக்கிறது. டென்னீஸும் ராயல் ஹோஸ்ட் என்ற இன்னொரு ஃபமிரெசும் 2021இல் அதில் சேர்ந்து, கேட்டால் காகிதப் பெட்டி தருகிறார்கள். வாங்கி, நம் பொறுப்பில் நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. கேட்க எதுவும் மிஞ்சவில்லை.

பில் சுருளாக மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் குழாயில் செருகியிருந்தது. எழுந்து போகும்போது கல்லாவில் கட்டினால் போதும். யாரும் பில்லை நீட்டி, எழுந்திருக்கும் வேளையை நமக்கு உணர்த்துவதில்லை.

ஏழாம் நாள், கிளம்புகிறோம்

ஆறாம் நாள் பையனுக்குக் காய்ச்சல், ஓட்டல் அறையிலேயே கிடந்தோம். இன்று தேவலை. மாலை ஹனேடாவில் ஏறி, அதே தேதி காலை லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குவோம். "கெளம்புறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துருவோமா? இந்த டைம் கீப்பருக்கு மெமோ குடுக்கணும்" என்றார் அப்பா.

அதே ஏழாம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ்

பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவு பதினொன்றரைக்கு மூன்று பேரும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டோம். பசி. அந்த நேரத்தில் விளக்கு எரிந்தது ஓர் இடத்தில்தான். இங்கேயும் டென்னீஸ்.

இந்தக் கம்பெனி பிறந்தது இதே வட்டாரத்தில், லேக்வுட்டில், 1953இல், டோனட் கடையாக. இரவு பகல் மூடாமல் இருப்பதுதான் அதன் அடையாளம். 1988இல் முதல்முறையாகக் கிறிஸ்துமஸுக்கு விடுமுறை விட முடிவு செய்தபோது, பல கடைக் கதவுகளில் பூட்டே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்ததாம். ஜப்பானில் இது தலைகீழாகப் போய்விட்டது. ராயல் ஹோஸ்ட் 2017இல் இருபத்துநாலு மணி நேரச் சேவையை முழுக்க நிறுத்தியது, ஸ்கைலார்க் குழுமம் 2020இல். இரவில் வேலை செய்ய ஆளில்லை. ஷின்ஜுகுவில் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பிறகு எழுப்பியிருப்பார்கள், பாவம்.

வாசலிலேயே நிறுத்தி, எத்தனை பேர் என்று கேட்டு, கூட்டிப்போய் உட்காரவைத்தார் ஓர் அம்மாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தன் பெயரைச் சொன்னார், பையனின் பெயரைக் கேட்டார். அப்பாவை "ஹனி" என்றார். கேட்காமலே கப்பில் காபி. பாதி இறங்கியதும் மறுபடி காபி. பையனுக்கு க்ராண்ட் ஸ்லாம்: இரண்டு பான்கேக், இரண்டு முட்டை, இரண்டு பேக்கன், இரண்டு சாசேஜ். பன்றி விஷயத்தில் அவனை நான் ஒன்றும் சொல்வதில்லை. க்ராண்ட் ஸ்லாம் என்பது 1977இல் அட்லாண்டாவில், பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரனை நினைத்து வைத்த பெயர்.

நடுவில் அப்பாவின் கை மேஜையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. உப்புக் குப்பிக்குப் பின்னால், மெனு அட்டைக்கு அடியில்.

"என்ன தாத்தா தேடுற?"

"பெல்லு. கொஞ்சம் சுடுதண்ணி வேணும்."

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குள் அந்த அம்மாளே வந்து நின்றார். சுடுதண்ணீர் வந்தது. கூட்டம் இல்லாததால் அப்படியே நின்று பேச்சுக் கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள், அவர் என்ன வேலை பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பதற்கென்றே தனியாக ஓர் ஆள் உண்டு என்பதை அவரால் நம்ப முடியவில்லை. அப்பா இடது கை விரல்களுக்கிடையில் நோட்டை நீளவாக்கில் மடித்துச் செருகிக் காட்டினார். அந்த அம்மாள் ஏப்ரனிலிருந்து நாலைந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து, தானும் அதேபோல் செருகிப் பார்த்தார். ஏழு நாளில் ஜப்பானில் எங்களிடம் யாரும் இப்படிப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை.

மிச்சப் பான்கேக்குக்குப் பெட்டி வந்தது. பில்லும் வந்தது. கார்டில் டிப்ஸ் போடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"இங்கயும் ரெண்டு டாலர்தானா?"

"இல்லப்பா, கலிஃபோர்னியால முழுக் கூலியும் முதலாளி குடுக்கணும். டிப்ஸ் அதுக்கு மேல."

"இருக்கட்டும். பேட்டாவக் கையில குடுக்கணும், பாப்பா. எவ்வளவு வரும்?"

"எட்டு டாலர் வைக்கலாம்."

சட்டைப் பையிலிருந்து இருபது டாலர் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அந்த அம்மாள் மீதி கொண்டுவர நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். அப்பா முன்னால் சாய்ந்து, நன்றாகப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தமிழிலேயே சொன்னார்: "சில்லறையா… குடும்மா."